மூன்று பிள்ளைகள், மூன்று கன்டீன்: எந்த அலுவலகத்துக்குப் போவது?

நெய்தல்

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸ் புறநகரில் இருக்கிறேன், வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். சின்னவள் ஆரம்பப் பள்ளியில், மகன் கொலேஜில் (நடுநிலைப் பள்ளி), மூத்தவள் இந்த வருடம்தான் லிசேயில் (மேல்நிலைப் பள்ளி) சேர்ந்தாள். மூவருக்கும் கன்டீன் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வருமானவரிக் கடிதம், காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு மேரிக்கு, அதாவது மேயர் அலுவலகத்துக்குப் போனேன். சின்னவளின் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பித் தந்துவிட்டார்கள். "கொலேஜ் என்றால் தெபார்த்மான்" என்றார் அங்கிருந்த பெண்.

சரி என்று மறுநாள் லீவு போட்டு பிரெஃபெக்சருக்குப் போய் வரிசையில் நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, "இது தெபார்த்மான் இல்லை, அரசு" என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் தெபார்த்மானின் பெயர்தான் பெரிதாக எழுதியிருக்கிறது. அது தெபார்த்மான் இல்லை என்றால் வேறு எது? மூத்தவளின் தாளை எங்கே கொடுப்பது என்று இன்னும் கேட்கவே இல்லை. யாராவது முதலிலிருந்து விளக்குங்கள்.

கார்துநோர்

தங்கச்சி, உங்கள் மேல் பிழை இல்லை. நானும் வந்த புதிதில் இதே மாதிரி அலைந்தவன்தான். இங்கே தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வியும் இதுதான்.

தெபார்த்மான் என்பதை மாவட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பிரெஃபே. அவரை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அமைச்சரவைக் கூட்டத்தில் ஜனாதிபதி நியமிக்கிறார், நினைத்த நேரம் மாற்றுகிறார். அவர் இருக்கும் இடம்தான் பிரெஃபெக்சர். வதிவிட அட்டை, வெளிநாட்டவர் விவகாரம், பொது ஒழுங்கு, தேர்தல் ஏற்பாடு எல்லாம் அங்கே. அது மாவட்டத்துக்குள் நிற்கும் மத்திய அரசின் கை.

இன்னொருவர் மாவட்ட மன்றத்தின் தலைவர். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். கொலேஜ் கட்டடம், வருமானம் குறைந்தவர்களுக்கான ஆர்.எஸ்.ஏ. உதவித்தொகை, கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்குமான இலவச மருத்துவ நிலையம், மாவட்டச் சாலைகள் இவை அவர் பொறுப்பு. மேரிப் பெண் சொன்ன தெபார்த்மான் இதுதான். இரண்டு கட்டடத்திலும் ஒரே பெயர் எழுதியிருப்பதால்தான் எல்லோரும் மாறிப் போகிறோம்.

பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு இப்படி: ஆரம்பப் பள்ளி கொம்யூனுக்கு (மேயர் உள்ள உங்கள் ஊர் நிர்வாகம்), கொலேஜ் மாவட்டத்துக்கு, லிசே பல மாவட்டங்கள் சேர்ந்த பிராந்தியத்துக்கு. ஆசிரியர் மூன்றிலும் அரசின் ஊழியர். ஆனால் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கொலேஜில் சமைப்பவரும் கூட்டித் துடைப்பவரும் மாவட்டத்தின் ஊழியர்கள், லிசேயில் இருப்பவர்கள் பிராந்தியத்தின் ஊழியர்கள். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு முதலாளி.

அதனால் மகனுக்கு முதலில் கொலேஜின் கணக்கு அலுவலகத்திலேயே கேளுங்கள், மாவட்ட மன்றத்தின் படிவத்தை அவர்களே காட்டுவார்கள். மூத்தவளுக்கு லிசேயில் கேளுங்கள். பாரிஸும் புறநகரும் சேர்ந்த நம் இல்-து-பிரான்ஸ் பிராந்தியத்தில் லிசே கன்டீன் கட்டணம் காஃப் தரும் குடும்ப வருமான எண்ணைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது. அந்தச் சான்றிதழை மூன்று படி எடுத்து வையுங்கள்.

லியோன் மாணவி

கார்துநோர் அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். இது எல்லா ஊருக்கும் பொருந்தாது. லியோன் நகரமும் அதைச் சுற்றிய கொம்யூன்களும் 2015 ஜனவரி 1 முதல் ரோன் மாவட்டத்திலிருந்து பிரிந்து "லியோன் மெத்ரோபோல்" ஆகிவிட்டன. அதன் எல்லைக்குள் மாவட்டத்தின் வேலைகளையும் மெத்ரோபோலே பார்க்கிறது. இங்கே என் தம்பியின் கொலேஜ் மெத்ரோபோலுக்குக் கீழ். வடக்கே வில்பிரான்ஷில் இருக்கும் சித்தி மகனின் கொலேஜ் ரோன் மாவட்ட மன்றத்துக்குக் கீழ். இரண்டு வீட்டுக்கும் அஞ்சல் குறியீடு 69-இல்தான் தொடங்குகிறது. பிரெஃபேயும் இரண்டுக்கும் ஒருவரே.

பாரிஸும் தனிக்கதை. அது நகரமாகவும் மாவட்டமாகவும் இருந்தது. 2019 முதல் இரண்டையும் ஒன்றாக்கி "பாரிஸ் நகரம்" என்ற ஒரே அமைப்பு ஆக்கிவிட்டார்கள். நெய்தல் அக்கா பாரிஸுக்குள் குடியிருந்தால் இரண்டு தாளை ஒரே இடத்தில் கொடுத்திருக்கலாம்.

நெய்தல்

நன்றி அண்ணா, நன்றி தங்கச்சி. இப்போதுதான் கொஞ்சம் தெளிவாகிறது. இன்னொரு சந்தேகம். அரோந்திஸ்மான் என்றால் பாரிஸில் இருக்கும் 20 வட்டாரம் என்று நினைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்துக்கும் மூன்று அரோந்திஸ்மான் இருக்கிறது என்று ஒரு கடிதத்தில் பார்த்தேன். அது என்ன?

கார்துநோர்

பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பாரிஸ், லியோன், மர்செய் மூன்று நகரங்களுக்குள் இருப்பது நகர வட்டாரம். பாரிஸில் 20, லியோனில் 9, மர்செயில் 16. அவற்றுக்கு மேயர்கள் உண்டு.

மாவட்டத்துக்குள் இருக்கும் அரோந்திஸ்மான் அப்படியல்ல. அது பிரெஃபேயின் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கான எல்லை. அங்கே சூ-பிரெஃபே என்ற அரசு அதிகாரி இருப்பார். தேர்தல் கிடையாது, மன்றம் கிடையாது. 93 என்ற எண் கொண்ட சேன்-சென்-தெனி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் பொபினி, லு ரென்சி, சென்-தெனி என்று மூன்று. பொபினியில் பிரெஃபெக்சர், மற்ற இரண்டிலும் சூ-பிரெஃபெக்சர்.

பாரிஸில் நம் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வருகிறவர்களுக்காக ஒன்று. மெத்ரோவில் இறங்கி வெளியே வந்தால் மேலே ரயில் பாலம் ஓடும் பெரிய சாலை இருக்கிறதே, அதுதான் 10-ஆம் வட்டாரத்துக்கும் 18-ஆம் வட்டாரத்துக்கும் எல்லை. தெற்கே இறங்கினால் ஃபோபூர் சென்-தெனி தெருவில் நம் கடைகள், அது 10. வடக்கே ஏறினால் மாணிக்க விநாயகர் கோயில், அது 18. 1860-க்கு முன் இந்த லா சப்பல் பாரிஸே கிடையாது. தனி மேயர் உள்ள தனி கொம்யூன். அந்த வருடம் மோன்மார்த்ர், பெல்வில், லா வில்லெத் இவற்றோடு சேர்த்து பாரிஸுக்குள் இழுத்தார்கள். அதற்கு முன் 12 ஆக இருந்த வட்டாரம் 20 ஆனது அப்போதுதான்.

கணக்கர்

விளக்கம் எல்லாம் சரி. ஆனால் ஒரு தாய் மூன்று தட்டுச் சோற்றுக்கு மூன்று அரசாங்கத்திடம் போக வேண்டியிருப்பதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. நான் துலூஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் இந்த அடுக்குகளின் தாள்கள் என் மேசைக்கு வருகின்றன.

எண்ணிப் பாருங்கள். சுமார் 35,000 கொம்யூன்கள். அவற்றுக்கு மேல் கொம்யூன் கூட்டமைப்புகள். அவற்றுக்கு மேல் 101 மாவட்டங்கள். அவற்றுக்கு மேல் 18 பிராந்தியங்கள். பாரிஸைச் சுற்றி என்றால் இடையில் 2016-இல் உருவான "கிரான் பாரி மெத்ரோபோல்", அதற்குள் வேறு வட்டாரங்கள். பிரெஞ்சுக்காரர்களே இதை மில்ஃபெய் என்கிறார்கள், ஆயிரம் இதழ் போல அடுக்கிய அந்தப் பணியாரத்தின் பெயரால். பிரான்சைவிட மக்கள்தொகை கூடிய ஜெர்மனியில் சுமார் 11,000 நகராட்சிகள்தான். இங்கே கொம்யூன்களில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு வரவுசெலவுத் திட்டம்.

2014-இல் பிரதமராக இருந்த மனுவேல் வால்ஸ் மாவட்ட மன்றங்களை ஒழிக்கப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நடக்கவில்லை. கடல்கடந்த ஐந்தைத் தவிர்த்த மற்ற பிராந்தியங்களை மட்டும் 22-இலிருந்து 13 ஆக ஒட்டினார்கள். அடுக்கு குறையவில்லை, மேலடுக்கு தடித்ததுதான் மிச்சம்.

கான்தால் மலை

கணக்கர் ஐயா, நீங்கள் துலூஸிலிருந்து பேசுகிறீர்கள். நான் கான்தாலில் ஒரு மலையூரில் இருந்து பேசுகிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. எங்கள் கொம்யூனில் 300 பேர்கூட இல்லை. மேரி வாரத்தில் இரண்டு அரைநாள் திறக்கும்.

முதல் குளிர்காலத்தில் பனி கொட்டி எங்கள் வீட்டுப் பாதை மூடிப்போயிற்று. காலை ஆறு மணிக்கு ட்ராக்டரில் பனியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மேயர். அவர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். என் மனைவி பிரான்சுக்கு வந்தபோது வீட்டைப் பார்த்துச் சான்றளிக்க வந்தவரும் அவர்தான், தாளைச் சரியாக நிரப்பக் கூட இருந்து உதவியவரும் அவர்தான். அவருக்குக் கிடைப்பது ஒரு சிறு படித்தொகை. மன்ற உறுப்பினர்களுக்கு அதுவும் இல்லை. இந்த அடுக்கை எடுத்தால் என்ன மிச்சமாகும் என்று நினைக்கிறீர்கள்?

உண்மையில் எங்களைத் தூரமாக்கியது மேலடுக்கு. 2016-க்கு முன் எங்கள் பிராந்தியம் ஒவேர்ன், தலைநகர் கிளெர்மோன்-ஃபெரான். இப்போது ஒவேர்ன்-ரோன்-ஆல்ப், தலைநகர் லியோன். எங்கள் மாவட்டத் தலைநகர் ஓரியாக்கிலிருந்து லியோனுக்குக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அந்த மன்றத்தில் எங்கள் மலைக்காக யார் பேசுவது? நூவெல்-அகித்தேன் பிராந்தியத்தில் 12 மாவட்டங்கள், அது ஆஸ்திரியா நாட்டைவிடப் பரப்பில் சற்றுப் பெரியது. பெரிதாக்கினால் செலவு குறையும் என்பதை நான் நம்பவில்லை.

ரைன் கரை

கான்தால் தம்பி சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். அல்சாஸில் இருக்கிறேன். எங்களை லொரேனோடும் ஷம்பான்-ஆர்தென்னோடும் சேர்த்து "கிரான் எஸ்ட்" என்றார்கள். பெரிய கிழக்கு, அவ்வளவுதான் பெயர். இங்கத்து மக்களுக்கு அந்தப் பெயர் இன்றுவரை வாயில் வரவில்லை. வேலையிடத்தில் யாரைக் கேட்டாலும் அல்சாஸ் என்றே சொல்வார்கள்.

அந்த மனக்குறைக்குப் பதிலாக 2021 ஜனவரியில் பா-ரென், ஓ-ரென் இரண்டு மாவட்ட மன்றங்களையும் இணைத்து "அல்சாஸ் ஐரோப்பியக் கூட்டமைப்பு" ஆக்கினார்கள். ஆனால் பாருங்கள், பிரெஃபேக்கள் இரண்டு பேரும் அப்படியே இருக்கிறார்கள், ஒருவர் ஸ்ட்ராஸ்பூரில், ஒருவர் கொல்மாரில். 67, 68 என்ற மாவட்ட எண்களும் அப்படியே. கோர்சிகாவிலும் இதே கதை. 2018 முதல் ஒரே மன்றம், ஆனால் அஜாக்சியோவில் ஒரு பிரெஃபே, பாஸ்தியாவில் ஒரு பிரெஃபே. மன்றம் வேறு, அரசு வேறு என்று கார்துநோர் அண்ணர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கணக்கர்

கான்தால் மலை, உங்கள் மேயரைப் போன்றவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பது உண்மை. ஆனால் குப்பை, குடிநீர், கழிவுநீர் இவற்றில் பலவற்றை உங்கள் கொம்யூனே கூட்டமைப்புக்குக் கொடுத்திருக்குமே? கூட்டமைப்பின் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பணமும் அதிகாரமும் அங்கே போகிறது, மக்களின் பார்வை மேரியிலேயே நிற்கிறது. என் கவலை இதுதான். மேயர் கையில் ட்ராக்டர் இருக்கிறது, முடிவு இல்லை.

1971-இலும் கொம்யூன்களை இணைக்க ஒரு சட்டம் போட்டார்கள். பெரும்பாலான ஊர்கள் மறுத்துவிட்டன. 2010-க்குப் பிறகு "புதிய கொம்யூன்" என்று விருப்பத்தின் பேரில் சேரலாம் என்றார்கள், அப்போதுதான் கொஞ்சம் நகர்ந்தது. 2025 ஜனவரி 1 அன்று சென்-தெனியும் பியேர்ஃபித்தும் ஒன்றானது அந்த வழியில்தான். கிராமம் மட்டுமல்ல, நம் ஆட்கள் நிறைய இருக்கும் புறநகரும் சேர்கிறது.

கான்தால் மலை

குடிநீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்டால் மேயர் கூட்டமைப்பைக் காட்டுகிறார். கூட்டமைப்பில் யாரைக் கேட்பது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனாலும் கொம்யூன் என்பது வெறும் நிர்வாக எல்லை இல்லை. வெர்தனுக்கு ஒருமுறை போயிருந்தேன். முதல் உலகப் போரில் அங்கே குண்டுமழையில் ஒன்பது கிராமங்கள் தரைமட்டமாகிவிட்டன. அவற்றில் ஆறு மீண்டும் எழவே இல்லை, இன்று ஒரு ஆள்கூடக் குடியில்லை. ஆனால் அந்த ஆறும் இன்னும் சட்டப்படி கொம்யூன்கள். தேர்ந்தெடுக்க ஆள் இல்லாததால் பிரெஃபே மூன்று பேர் கொண்ட குழுவை நியமிக்கிறார், அதன் தலைவர் மேயரின் வேலையைச் செய்கிறார். ஃப்ளரி என்ற ஊரில் காட்டுக்குள் நடந்தேன். இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம் என்று சின்னக் கற்கள் நட்டிருக்கிறார்கள். எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்துவிட்டது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆள் இல்லாத ஊருக்கும் பெயரை விட்டுவைத்த நாடு இது. அதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்க என்னால் முடியாது.

வில்லியனூர்

நல்ல விவாதம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். நீங்கள் பேசும் இந்தக் கொம்யூன் எங்கள் ஊருக்கு 1880-லேயே வந்துவிட்டது. அந்த வருடத்து ஆணைப்படி பிரெஞ்சு இந்தியாவில் பத்து கொம்யூன்கள் அமைத்தார்கள். புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர், காரைக்கால் எல்லாம் அதில் உண்டு. பிரான்ஸ் போய்விட்டது, சொல் போகவில்லை. இன்றைக்கும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். புதுச்சேரி, காரைக்கால் இரண்டிலும் சேர்த்து அப்படிப் பத்து. இந்தியாவில் வேறெங்கும் இந்தப் பெயரில் பஞ்சாயத்து பார்க்க முடியாது.

நெய்தல் மகள் மேரி என்று எழுதியதும் எனக்கு மகிழ்ச்சி. கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் பழைய நகர மன்றத்தையும் நாங்கள் மேரி கட்டடம் என்றே சொல்வோம். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. பழைய வடிவிலேயே கட்டி 2021-இல் திறந்தார்கள்.

மாவட்டத்தின் பிறப்பைப் பற்றி ஒரு சொல். புரட்சிக்குப் பிறகு, 1790-இல், பழைய மாகாணப் பெருமைகளை உடைப்பதற்காகவே நாட்டை 83 துண்டாக வெட்டினார்கள். தூரே என்ற உறுப்பினர் ஏறக்குறைய சதுரம் சதுரமாகக் கோடு போடும் திட்டத்தோடு வந்தார். அது ஏற்கப்படவில்லை, ஊர்களின் வழக்கத்தையும் நிலத்தையும் பார்த்துப் பிரித்தார்கள். பெயரை மட்டும் ஆற்றிலும் மலையிலும் இருந்து எடுத்தார்கள். ரோன், கான்தால், ஓ-ரென் எல்லாம் அப்படி வந்தவைதான். பிறகு 1800-இல் நெப்போலியன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெஃபேயை உட்கார வைத்தார். அந்த நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது. 1982-இல் உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேர் கொண்டுவந்த சட்டம் வரை மாவட்டத்தின் பணப்பையும் பிரெஃபே கையில்தான். மன்றத் தலைவருக்கு அதிகாரம் வந்தது அதற்குப் பிறகே. நெய்தல் மகள் போய் நின்ற கட்டடத்தை ஒரு பிரெஞ்சுக் கிழவரும் தெபார்த்மான் என்றே சொல்லியிருப்பார், ஏனென்றால் அவர் இளமையில் அது உண்மை.

லியோன் மாணவி

ஐயா, கடைசி வரி எனக்குப் புதிது. வகுப்பில் 1982 சட்டத்தைப் படித்தோம், ஆனால் ஏன் மக்கள் இன்னும் குழம்புகிறார்கள் என்பதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

எண்களைப் பற்றியும் ஒன்று. மாவட்ட எண் பெரும்பாலும் அகர வரிசை, “ஏன்” (Ain) மாவட்டம் 01, “ஏஸ்ன்” (Aisne) மாவட்டம் 02 என்று போகும். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாரிஸைச் சுற்றிப் புதிய மாவட்டங்கள் பிறந்தபோது காலியாக இருந்த எண்களைக் கொடுத்தார்கள். 93 அதற்கு முன் அல்ஜீரியாவின் கொன்ஸ்தான்தீன் மாவட்டத்தின் எண். அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்றதால் அந்த எண் காலியாயிற்று. நம்மைப் போல வெளிநாட்டில் பிறந்தவர்களின் சமூகக் காப்பீட்டு எண்ணில் மாவட்டம் வரும் இடத்தில் 99 இருக்கும். என் எண்ணில் 99, இங்கே பிறந்த தம்பியின் எண்ணில் 69. சின்ன வயதில் அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கார்துநோர்

கணக்கரும் கான்தால் தம்பியும் இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறார்கள் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. என் கருத்து கான்தால் பக்கம். முப்பது வருடத்தில் நான் பார்த்தது, வதிவிட அட்டைக்கு அலைகிறவனுக்குப் பிரெஃபெக்சரில் முகம் கிடையாது, இணையத்தில் நேரம் எடுக்க வேண்டும், நேரமே கிடைக்காது. மேரியில் முகம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் பெயர் கேட்பார்கள், அடுத்த முறை நினைவு வைத்திருப்பார்கள். நம்மில் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு மேயரைத் தேர்ந்தெடுக்க வாக்கு இல்லை. போலந்துக்காரருக்கும் போர்த்துக்கீசருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் என்பதால் உண்டு, நமக்கு இல்லை. அது எனக்கு உள்ளே உறுத்தும் விஷயம். அப்படியிருந்தும் கதவைத் திறந்து வைத்திருப்பது மேரிதான்.

ஆனால் கணக்கர் கேட்டதற்கு ஒரு வழி உண்டு. அடுக்கை இடிக்காமலே கதவை ஒன்றாக்கலாம். "பிரான்ஸ் செர்வீஸ்" என்ற பெயரில் சேவை நிலையங்கள் வந்திருக்கின்றன. காஃப், வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் ஒரே மேசையில் உதவுகிறார்கள். மாவட்டமும் பிராந்தியமும் தங்கள் படிவத்தை அங்கே கொண்டுவந்து வைக்கட்டும்.

கணக்கர்

அதை ஏற்கிறேன். என் ஊர்ப்பக்கம் இருக்கும் நிலையத்தில் கடந்த மாதம் ஒரு முதியவரைக் கூட்டிப்போனேன், நன்றாகவே பார்த்தார்கள். ஆனாலும் நேரடித் தேர்தல் இல்லாத கூட்டமைப்புக்கு இத்தனை அதிகாரம் கூடாது என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. இன்று மகனின் கொலேஜ் போனேன். கணக்கு அலுவலகத்தில் இருந்தவர் காஃப் சான்றிதழைப் பார்த்து அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்தார், அடுத்த தவணையிலிருந்து குறையும் என்றார். மூத்தவளுடையதை லிசேயில் கொடுத்தாயிற்று. சின்னவளுடையது ஏற்கெனவே மேரியில் இருக்கிறது.

லீவு போட்டு வரிசையில் நின்ற அந்த நாள்தான் வீண். பரவாயில்லை. இனி மூத்தவளின் நவிகோ பயண அட்டை. அது மாவட்டமா, பிராந்தியமா?

கார்துநோர்

பிராந்தியம், தங்கச்சி. இல்-து-பிரான்ஸ் மொபிலித்தே என்ற அமைப்பு, பிராந்திய மன்றத்தின் தலைவரே அதற்கும் தலைவர். மாணவருக்கான "இமாஜின் ஆர்" அட்டையை இணையத்திலேயே எடுக்கலாம். சில மாவட்டங்களும் கொம்யூன்களும் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன, அதனால் மேரியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ், படம், வங்கி விவரத் தாள் மூன்றும் வேண்டும்.